டிஎன்எஸ்ஸை ரூட்டரில் மாற்றுவதா, கணினியில் மாற்றுவதா?

கடலூர் மஞ்சக்குப்பமோ புதுவை லாஸ்பேட்டையோ, ஃபைபர் இணைப்புள்ள பல வீடுகளில் இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்று, இணைப்பு கொடுத்தவர் சுவரில் மாட்டிவிட்டுப் போன ஓஎன்டி. நாம் அதை மோடம் என்றுதான் சொல்வோம். மற்றொன்று, மாடிக்கு சிக்னல் எட்டவில்லை என்று நாமே வாங்கி வைத்த வைஃபை ரூட்டர். டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை அதன் ஐபி முகவரியாக, அதாவது இணையத்தில் அதைக் குறிக்கும் எண்ணாக, மாற்றிச் சொல்லும் சேவை. இணைப்பு நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸை விட்டு வேறொன்றுக்கு மாற்ற உட்காருகிறவர் முதலில் தடுக்குவது இங்கேதான். எந்தப் பெட்டியில் மாற்றுவது?

உங்கள் கணினிக்கு ஐபி முகவரி கொடுக்கிற பெட்டியில். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'ஐபிகான்ஃபிக் /ஆல்' (ipconfig /all) அடித்தால், 'டிஹெச்சிபி சர்வர்' என்ற வரியில் அதன் முகவரி வரும். பொதுவாக 192.168.1.1 அல்லது 192.168.0.1, ஜியோ ஃபைபர் பெட்டி என்றால் 192.168.29.1. அதை பிரவுசரில் அடித்தால் பெட்டியின் அமைப்புப் பக்கம் திறக்கும். கீழ்வீட்டில் மோடத்தின் வைஃபை, மாடியில் ரூட்டரின் வைஃபை என்று இரண்டும் ஓடினால், பாதி போன்கள் புது டிஎன்எஸ்ஸிலும் பாதி பழையதிலும் இருக்கும். மோடத்தின் வைஃபையை அணைத்துவிடுங்கள், அல்லது இரண்டிலும் மாற்றுங்கள்.

பெட்டிக்குள்ளும் டிஎன்எஸ் எழுத இரண்டு இடங்கள் உண்டு. இணையத்தை நோக்கிய வான் (WAN) பக்கத்தில் எழுதினால், வீட்டுச் சாதனங்கள் எல்லாம் ரூட்டரிடம் கேட்கும், ரூட்டர் வெளியே கேட்டுச் சொல்லும். அப்போது கணினியில் டிஎன்எஸ் என்று தெரிவது 192.168.1.1 மட்டுமே. அதைப் பார்த்து 'மாறவே இல்லை' என்று முடிவு கட்ட வேண்டாம். வீட்டுச் சாதனங்களை நோக்கிய லேன் (LAN) பக்கம், ஐபி முகவரி கொடுக்கிற டிஹெச்சிபி பகுதியில் எழுதினால், 1.1.1.1 போன்ற முகவரியே நேராகச் சாதனங்களின் கையில் போய்ச் சேரும். ரூட்டர் இடைத்தரகு செய்யாது.

சொந்த ரூட்டர் என்றால் வான் பக்கமே வசதி. ரூட்டரின் உள்ளூர்ப் பெயர்களும் வேலை செய்யும். இணைப்பு கொடுத்தவரின் மோடத்தில் வான் பக்கம் பல நேரம் பூட்டியிருக்கும். மலிவான பெட்டிகளில் அந்த இடைத்தரகு நிரலே அடிக்கடி தொங்கும். அங்கே லேன் பக்கம்தான் வழி. அதில் ஒரு சின்ன இழப்பு உண்டு. டிபி-லிங்க் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைப் பெயரால் திறக்கிற பழக்கம் இருந்தால் அது இனி திறக்காமல் போகலாம், எண்ணால்தான் திறக்க வேண்டும். லேனில் மாற்றியதும் உடனே எல்லாச் சாதனத்துக்கும் போகாது. கொடுத்த ஐபி முகவரி செல்லுபடியாகும் குத்தகைக் காலம் 86400 வினாடி, அதாவது ஒரு நாள் என்றால், சாதனம் அதில் பாதி கழிந்த பிறகுதான் தானாகப் புதுப்பிக்கக் கேட்கும். வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும்.

எந்த எண்கள் என்பதில் பெரிய ரகசியம் இல்லை. கூகுள் 8.8.8.8, 8.8.4.4, கிளவுட்ஃபிளேர் 1.1.1.1, 1.0.0.1; குவாட்9 என்றால் 9.9.9.9. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு கிளவுட்ஃபிளேரின் 1.1.1.3, 1.0.0.3 ஆபாசத் தளங்களையும் தீங்குநிரல் தளங்களையும் தடுக்கும். ஆனால் பலர் முதல் கட்டத்தில் 1.1.1.3 போட்டுவிட்டு, 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரண்டாவதில் 8.8.8.8 போடுகிறார்கள். இரண்டாவது எண் ஸ்டெப்னி டயர் இல்லை. சாதனம் எப்போது வேண்டுமானாலும் அதனிடம் கேட்கலாம், கேட்கும்போது வடிகட்டி ஓட்டையாகிவிடும். இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டிஎன்எஸ் மாற்றினால் டவுன்லோட் வேகம் கூடாது. பக்கம் திறக்கத் தொடங்கும் அந்தக் கணம் வேண்டுமானால் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

எல்லாம் சரியாகச் செய்தும் மாறவில்லை என்றால், முக்கால்வாசி காரணம் ஐபி முகவரியின் புதிய வகையான ஐபிவி6. நாம் பழைய வகையான ஐபிவி4 கட்டத்தில் எழுதிவிட்டு எழுந்துவிடுகிறோம். ரூட்டரோ ஐபிவி6 வழியாக இணைப்பு நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸையும் சாதனங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. 'ஐபிகான்ஃபிக் /ஆல்' காட்டும் டிஎன்எஸ் வரிசையில் முக்காற்புள்ளிகளோடு நீளமான முகவரி ஒன்று தெரிந்தால் அதுதான் ஆள். ரூட்டரின் ஐபிவி6 பகுதியிலும் 2606:4700:4700::1111 அல்லது கூகுளின் 2001:4860:4860::8888 எழுதுங்கள். அந்தக் கட்டமே இல்லாத மோடங்கள் உண்டு. அப்போது கணினியில் எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

கணினிக்கு வருவோம். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க், வைஃபை, ஹார்ட்வேர் ப்ராப்பர்ட்டீஸ் என்று போய் 'டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட்' பக்கத்து எடிட்டை அழுத்துங்கள். அதன் அருகிலேயே 'ஐபி அசைன்மென்ட்' எடிட்டும் இருக்கும், அதைத் தொடாதீர்கள். ஐபியையும் கையால் எழுதிவிட்டால் அடுத்த ஊர் வைஃபையில் லேப்டாப் முழிக்கும். ஹார்ட்வேர் ப்ராப்பர்ட்டீஸில் எழுதியது எல்லா வைஃபைக்கும் பொருந்தும். வீட்டு வைஃபைக்கு மட்டும் வேண்டுமென்றால் அந்த வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸில் எழுதுங்கள். அங்கேயே, கேள்வியை மறைகுறியாக்கி அனுப்பும் 'டிஎன்எஸ் ஓவர் ஹெச்டிடிபிஎஸ்' ஆன் செய்யலாம். உபுண்டுவிலும் ஐபோனிலும் அந்தந்த வைஃபைக்குத் தனித்தனி. ஆண்ட்ராய்டு 9 முதல் வந்த 'பிரைவேட் டிஎன்எஸ்' எல்லா வைஃபைக்கும் மொபைல் டேட்டாவுக்கும் சேர்த்து. அதில் எண் ஏற்காது, சர்வரின் பெயரைத்தான் எழுத வேண்டும்.

இந்த வேறுபாடு வெளியே போனால்தான் உறைக்கும். புதுவைக் கடற்கரைப் பக்கம் ஏதோ ஒரு விடுதியில், அறை எண் கேட்கும் வைஃபை பக்கம் வரவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தகைய பக்கங்கள் பல, விடுதியின் டிஎன்எஸ்ஸிடம் கேட்டால்தான் வரும். லேப்டாப்பில் கையால் எழுதிய டிஎன்எஸ் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. போனில் பிரைவேட் டிஎன்எஸ் இருந்து, அது போகும் வழியான 853-ஆம் போர்ட்டை விடுதி அடைத்திருந்தால், வைஃபை இருந்தும் நெட் இல்லை. ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றி, உள்ளே நுழைந்த பிறகு திருப்பிப் போடுங்கள். அலுவலக டொமைனில் சேர்ந்த லேப்டாப்பில் டிஎன்எஸ்ஸைத் தொடவே வேண்டாம். அலுவலகச் சர்வர்களின் பெயர்களை வெளி டிஎன்எஸ் அறியாது, லாகின் முதல் பிரிண்டர் வரை நின்றுபோகும்.

ஆகவே என் கணக்கு எளிது. டிவி, கேமரா, விருந்தாளியின் போன் எல்லாவற்றுக்கும் சேர்த்து ரூட்டரில். வீட்டை விட்டு வெளியே வரும் சாதனத்துக்கும், ஐபிவி6 மாற்ற விடாத மோடத்துக்கும் மட்டும் கணினியில். பிரவுசரையும் மறக்காதீர்கள். குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ 'செக்யூர் டிஎன்எஸ்' என்று ஒரு சேவையைத் தேர்ந்திருந்தால், ரூட்டரும் விண்டோஸும் என்ன சொன்னாலும் அது தன் வழியில் போகும். பையனுக்கு ரூட்டரில் போட்ட பூட்டு உடைவது பெரும்பாலும் இந்த ஒரு சுவிட்சால்தான்.

சரிபார்க்க 'என்எஸ்லுக்கப்' (nslookup) கட்டளையோடு ஒரு தளத்தின் பெயரை அடியுங்கள். பதில் சொன்ன சர்வர் முதல் வரியில் வரும். பழைய பதில் நினைவில் நிற்காமலிருக்க 'ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்' (ipconfig /flushdns). சாதாரண டிஎன்எஸ் கேள்விகள் போகும் 53-ஆம் போர்ட்டை இணைப்பு நிறுவனமே மடக்கித் தன் சர்வருக்குத் திருப்புகிறதா என்று பார்க்க ஒரு தந்திரம்: தளத்தின் பெயருக்குப் பின்னால் 192.0.2.1 என்று சேர்த்து அதே கட்டளையைக் கொடுங்கள். அது எடுத்துக்காட்டுக்கென்று ஒதுக்கிய முகவரி, அங்கே எந்தச் சர்வரும் இல்லை. அங்கிருந்து பதில் வந்தால் நடுவில் யாரோ மடக்குகிறார்கள். அப்போது வெறும் எண் மாற்றிப் பயனில்லை, கணினியில் டிஎன்எஸ் ஓவர் ஹெச்டிடிபிஎஸ்தான் போட வேண்டும்.

ரூட்டரிலேயே மறைகுறியாக்கிய டிஎன்எஸ் போட்டவர்களுக்குப் புயல் காலத்தில் ஒரு வேடிக்கை காத்திருக்கும். கரண்ட் போய் வந்ததும் ரூட்டரின் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். பல ரூட்டர்களில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. தேதி தப்பானால் சர்வரின் சான்றிதழ் செல்லாது, டிஎன்எஸ் ஓடாது. டிஎன்எஸ் ஓடாததால் நேரம் சொல்லும் சர்வரின் பெயரும் கிடைக்காது. நேரச் சர்வரைப் பெயராக இல்லாமல் எண்ணாக எழுதினால் இந்த முடிச்சு அவிழும்.

லைன்மேன் வந்து மோடத்தை ரீசெட் செய்தாலும், நிறுவனம் தொலைவிலிருந்து அமைப்பைப் புதுப்பித்தாலும் நீங்கள் எழுதியது அழிந்துபோகலாம். எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மோடத்தின் அடியில் ஒட்டிவையுங்கள். அட்மின் பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுத வேண்டாம்.