எது புரியாது, எது பிடிக்காது

“இதுல கஸ்டமருக்குப் புரியாதது எது, உங்களுக்குப் பிடிக்காதது எது? பிரிச்சுச் சொல்லுங்கண்ணே.” பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால் அன்றே மறந்திருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

வாடிக்கையாளருக்குப் போகவேண்டிய எட்டு டி அறிக்கை அது: வந்த குறைக்கு என்ன காரணம், என்ன திருத்தம் என்று ஆங்கிலத்தில் எழுதுவது. சர்க்யூட் போர்டில் பசை இறக்கும் ஸ்டென்சில் தகட்டின் துளை அடைத்துக்கொண்டதால் சோல்டர் பேஸ்ட் (பற்றவைக்கும் பசை) குறைவாக இறங்கியிருக்கிறது என்று காரணத்தைச் சரியாகப் பிடித்து, படத்தோடு காட்டியிருந்தான். என் கண்ணில் பட்டதோ ஆங்கிலப் பிழைகள்தான்: ‘டிட் நாட் செக்ட்’, ‘ஸ்டாஃப்ஸ்’, ‘எக்விப்மென்ட்ஸ்’, ‘டிஸ்கஸ் அபௌட்’. எல்லாவற்றையும் சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

அன்று எனக்குப் பதில் வரவில்லை. அப்புறம் அதே தாளில் கிடைத்தது: ‘ஆபரேட்டர் ஸ்டாப் தி லைன் அண்ட் கிளீன் தி ஸ்டென்சில்.’ நிறுத்தினாரா, இனிமேல் நிறுத்த வேண்டுமா? நடந்ததையும் செய்யப்போவதையும் தனித்தனியே சொல்லத்தான் அந்த அறிக்கையே. அங்கே காலம் குழம்பினால், செய்யாத திருத்தத்தைச் செய்துவிட்டதாக வாடிக்கையாளர் நம்பிவிடுவார். இதில் நான் இறங்கிவரவே மாட்டேன். மலாயில் வினைச்சொல் காலத்துக்காக உருமாறாது. முடிந்ததைக் காட்ட முன்னால் ஒரு சொல் போட்டால் போதும். நாள் முழுக்க லைனில் மலாய் பேசிவிட்டு ஆங்கிலத்தில் எழுத உட்காருகிறவனுக்கு அது ஏன் நழுவுகிறது என்று எனக்குத் தெரியும். அதற்காக அப்படியே அனுப்ப முடியாது.

சரி, ‘ஸ்டாஃப்ஸ்’? அதனால் யாருக்கும் எதுவும் குழம்பாது. அதையும் அதே அழுத்தத்தில்தான் வட்டமிட்டேன். இங்கே மலேசியாவில் 2003-இல் பள்ளிகளில் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள், 2012 முதல் படிப்படியாகத் திருப்பினார்கள். அந்த இழுபறிக்குள் படித்த பிள்ளைகளில் இவனும் ஒருவன். ஆனாலும் ஒரு வேண்டாத எஸ்ஸை வைத்தே ஆளின் படிப்பை எடைபோடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவனுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் திருத்தினேன். அது மட்டும்தானா? எரிச்சலும் இருந்தது.

இப்போது காலம் குழம்பும் வரிகளை மட்டும் திருப்பி அனுப்புகிறேன். மற்றதை நானே திருத்திவிடுகிறேன். வேலை சீக்கிரம் முடிகிறது, அவன் முகமும் வாடுவதில்லை. ஆனால் எஞ்சினியர் பதவிக்கு மனுப் போடப்போவதாகப் போன வாரம் சொன்னான். அந்தக் கடிதம் என் மேசைக்கு வராது. அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டு என்று சொல்லலாமா என்று யோசிக்கிறேன். இன்னும் சொல்லவில்லை.