கிழிந்த மெனிஸ்கஸும் சுருட்டிய துண்டும்

சென்ற ஆண்டு மாடிப்படியில் கால் பிசகி, வலது முழங்காலின் மெனிஸ்கஸ் என்னும் குருத்தெலும்புத் தட்டில் சிறு கிழிசல் இருப்பதாக எம்.ஆர்.ஐ. காட்டியபோது, அறுவை சிகிச்சை தேவையில்லை என்று மருத்துவர் கூறியதைவிட, ஓடக் கூடாது என்று அவர் சொன்னதே என் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

முதல் 2 வாரங்கள் கட்டிலே கதியென்று கிடந்தேன். அது தவறு. பயன்படுத்தாத தொடைத் தசை விரைவில் மெலிந்துவிடும் என்பதும், மெலிந்தால் மூட்டுக்குச் சுமை கூடும் என்பதும், இயன்முறை மருத்துவர் அளவு நாடாவை எடுத்து இரு தொடைகளையும் அளந்து காட்டிய பிறகே எனக்கு உறைத்தது. வலது தொடை ஒன்றரை சென்டிமீட்டர் சிறுத்திருந்தது.

அவர் தந்த முதல் பயிற்சி சிரிப்பை வரவழைத்தது. சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி, 5 விநாடிகள் நிறுத்தித் தளர்த்த வேண்டும், அவ்வளவுதான். 10 முறை முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

அடுத்து நீச்சல் குளத்தில் நடந்தேன். இடுப்பளவு நீரில் நிற்கும்போது உடல் எடையில் ஏறத்தாழ பாதியை மட்டுமே கால்கள் தாங்குவதால், தரையில் வலித்த அதே நடை அங்கே வலிக்கவில்லை. கடற்கரை மணல் மெத்தென்றிருக்குமே என்று ஒருநாள் மெரினாவுக்குப் போனது வீண் ஆசை. அலையோரச் சரிவில் ஒரு கால் தாழ்ந்தே நடந்ததால் மறுநாள் மூட்டு வீங்கியது.

மறுநாள் காலைக்குள் வலி அடங்காவிட்டால் முந்தைய நாள் பயிற்சி அதிகம் என்று கணக்கிட்டு, அளவைக் குறைத்துக்கொள்கிறேன். இப்போது நாற்காலியிலிருந்து கையூன்றாமல் 15 முறை எழுந்து அமர முடிகிறது. சம்மணமிடுவது மட்டும் இன்னும் கைகூடவில்லை. கோயில் அன்னதானத்தில் நாற்காலி தேடிக்கொண்டிருக்கிறேன்.