டேப் வளைந்த வழி

1991இல் கோவை பீளமேட்டில் ஒரு மாடி அறையில், எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டில் மின்சாரம் ஓடும் செம்புக் கோடுகளை, அதாவது டிராக்குகளை, வடிவமைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே கையில் ஒரு சர்ஜிக்கல் பிளேடைக் கொடுத்தார்கள். லைட் டேபிள் மேல் மைலார் என்னும் பிளாஸ்டிக் ஷீட், அதன்மேல் வட்டவட்டமாய் பேட் ஸ்டிக்கர் (பேட் என்றால் பாகங்களின் காலைப் பற்றவைக்கும் இடம்), பேடுக்குப் பேடு கறுப்பு கிரேப் டேப். எல்லாம் நிஜ அளவுக்கு இரண்டு மடங்கு. ஒட்டி முடித்ததும் போட்டோ எடுத்துப் பாதியாய்ச் சுருக்குவார்கள். டேப் போன வழிதான் போர்டில் செம்பு டிராக் ஆகும். பெரும்பாலும் பம்ப்செட் ஸ்டார்ட்டருக்குள் போகும் போர்டுகள். ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்துகிற சர்க்யூட்.

நான் டேப்பை விறைப்பாய் இழுத்து, மூலையில் வெட்டி, அடுத்த துண்டை ஒட்டுவேன். பக்கத்து மேசையில் இருந்த அண்ணன் ஒருநாள் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மிணி, டேப்ப இழுத்து ஒட்டாத. ராத்திரியோட ராத்திரியா சுருங்கிக்கும், காலைல பேடை விட்டு எந்திரிச்சு நிக்கும். அது வளையற பக்கமே உட்டுப் புடி." காகிதம் கொசகொசவென்று சுருக்கம் வைத்த டேப் அது. வெட்டாமலே வளையும். அதனால்தான் அந்தக் காலத்து ரேடியோவைத் திறந்தால் டிராக்குகள் ஆற்று மணலில் தண்ணீர் போன தடம் மாதிரி வளைந்து வளைந்து போகின்றன. அழகுக்காக யாரும் அப்படிச் செய்யவில்லை.

கம்ப்யூட்டர் வந்ததும் வளைவு போய்விட்டது. நேர்க்கோட்டுக்கு இரண்டு முனைப் புள்ளி போதும். இரண்டு கோடுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று மெஷின் சட்டென்று கணக்குப் போட்டுவிடும். வில் என்றால் கணக்கு கூடுதல். அப்போதைய ஐசி (சிப்) கால்களும் 2.54 மில்லிமீட்டருக்கு ஒன்று என்று கட்டத்தில்தான் உட்காரும். ஆகவே கிடை, செங்குத்து, 45 டிகிரி. இருபது வருஷத்துக்கு மேல் நானும் அப்படியே போட்டேன். குறையொன்றும் இல்லை.

புதிதாய் வருகிற பிள்ளைகள் ஒன்று கேட்பார்கள்: "மேடம், 90 டிகிரி மூலையில சிக்னல் முட்டித் திரும்பிருமாமே?" முட்டாது. மூலையின் குறுக்கே டிராக்கின் அகலம் 1.41 மடங்கு ஆகிறது, அதனால் துளியூண்டு கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) கூடும். அவ்வளவுதான். எஃப்ஆர்4 என்னும் வழக்கமான கண்ணாடியிழை போர்டில் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னலின் அலைநீளமே ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். கால் மில்லிமீட்டர் டிராக்கின் மூலை அதற்கு எந்த மூலை? ஸ்டார்ட்டர் போர்டில் ஓடும் 50 ஹெர்ட்ஸைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். காரணம் தெரியாமல் வளைவை வணங்குவதும் சரியில்லை, வெறுப்பதும் சரியில்லை என்று அவர்களிடம் சொல்வேன்.

வளைவு கட்டாயம் வேண்டும் என்பதை எனக்குக் காட்டியது ஒரு ஃபிளெக்ஸ் போர்டு, அதாவது மடங்கி வளையும் மெல்லிய சர்க்யூட் போர்டு. நூல் சுற்றும் மெஷினில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டே இருக்கும் சென்சார் தலை. அதற்குப் பதினோரு டிராக் உள்ள ஃபிளெக்ஸ். வழக்கம்போல் மூலைமூலையாய்ப் போட்டேன். மூன்றே வாரத்தில் திருப்பூரிலிருந்து போன்: "ஏனுங்க, சிக்னல் வருது, போகுது, வருது." கழற்றிக் கொண்டுவந்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், நாலு டிராக்கில் மூலையின் உள்பக்கத்திலிருந்து மயிரிழை விரிசல். மடங்கும்போது விழுகிற இழுவை எல்லாம் அந்தக் கூர்முனையில் போய்ச் சேர்ந்திருக்கிறது. சட்டையில் கிழிசல் எப்போதும் வெட்டுப்பட்ட முனையிலிருந்தே ஓடும், அதே விஷயம். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. அவர்கள் மெஷின் என் கோட்டால் நின்றிருந்தது.

மறுபடி உட்கார்ந்தேன். மடங்குகிற இடத்தில் டிராக்குகள் மடிப்புக்குச் செங்குத்தாய் நேராகப் போக வேண்டும். திருப்பம் எல்லாம் அதற்கு வெளியே. திருப்பம் ஒவ்வொன்றும் பெரிய வில். பேடைத் தொடும் இடத்தில் கண்ணீர்த்துளி வடிவில் செம்பை அகலப்படுத்தினேன். செம்பும் மாறியது: மடங்கித் தாங்குகிற, உருட்டிப் பதப்படுத்திய தகடு. போர்டு வரையும் மென்பொருளான கைகேடில் 6ஆம் பதிப்பிலிருந்தே வில்லாக டிராக் இழுக்க முடிகிறது. ஆனால் பதினோரு வில்லும் ஒரே மையத்தைச் சுற்றி அமைந்தால்தான் இடைவெளி கடைசிவரை மாறாது. ஒன்றை நகர்த்தினால் பத்தையும் நகர்த்த வேண்டும். இரண்டு நாள் ஆனது.

அந்த இரண்டு நாளும் எங்கள் ஊர்க் காலிங்கராயன் வாய்க்கால்தான் மனதில் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் வெட்டியது. பாம்பு காட்டிய வழியில் வெட்டினார்கள் என்று அப்புச்சி சொல்வார். பவானியில் கிளம்பி கொடுமுடிப் பக்கம் வரை நெளிந்து நெளிந்து வருகிறது. நேராய் வெட்டியிருந்தால் தூரம் குறைந்திருக்கும். ஆனால் அது மேட்டையும் பள்ளத்தையும் பார்த்து, சரிவை விட்டுவிடாமல் வருகிறது. எங்கள் மஞ்சள் காட்டுக்கும் அதனால்தான் மடைவழியாகத் தண்ணீர் தானாய்ப் பாய்ந்தது.

புது ஃபிளெக்ஸ் போட்டு எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் நானே போன் பண்ணிக் கேட்டேன். "ஓடுதுங்க, இரண்டு ஷிப்ட்டும்" என்றார்கள். இப்போது அதே மெஷினுக்கு ஹைவோல்டேஜ் போர்டு ஒன்று கேட்டிருக்கிறார்கள். அங்கே கூர்முனையில் மின்புலம் குவியும், பொறி தாவும். மூலைகளை உருட்டத் தொடங்கிவிட்டேன்.