பால் டீ நிறத்தில் ஆயில்

படகு மோட்டாரின் கியர் ஆயில் ஸ்க்ரூவைக் கழற்றியதும் ஆயில் பால் டீ மாதிரி வழிந்தது. உள்ளே உப்புத் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

"சீல் போச்சு தம்பி, சின்ன வேலைதான்" என்றார் மெக்கானிக் அண்ணன். அப்புறம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தார். ஒரு சிலிண்டரில் 110 பி.எஸ்.ஐ., இன்னொன்றில் 70தான். அது தேய்ந்திருக்க வேண்டும்.

நான் பாம்பன் பாலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சீல், தண்ணீர் பம்ப் இம்பெல்லர் என்றால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடலாம். சிலிண்டரே தேய்ந்துவிட்டால் ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து சீராக்குவது), பிஸ்டன், ரிங் என்று வரிசையாகச் செலவு இழுக்கும். அதுவும் இது அப்பா வாங்கிய மோட்டார்.

ஆனால் பாக் நீரிணையில் மோட்டார் நின்றால் நீரோட்டம் எந்தக் கரைக்கு இழுத்துப்போகும் என்று எங்கள் ஊர்க்காரனுக்குச் சொல்லத் தேவையில்லை.

சரி, புதுசுக்கு விலை கேட்கச் சொல்லிவிட்டேன்.

பழையதில் ப்ரொப்பல்லரை மட்டும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். போன மாதம்தான் வாங்கிப் போட்டது!