நாப்பத்தொரு வயசுல ஸ்கவுட் யூனிஃபார்ம் மாட்டின கதை

எல்லாம் ஒரு கட்டைவிரல்ல ஆரம்பிச்சது. பையன் ஸ்கூல்ல சாரணர் படைய பாத்துக்கிட்டிருந்த சார் டிரான்ஸ்ஃபர்ல போயிட்டாரு, பெற்றோர்ல யாராச்சும் முன்வந்தா நல்லாருக்கும்னு வாட்ஸப் குரூப்ல போட்டிருந்தாங்க. நான் படிச்சுட்டேன்னு காட்ட ஒரு கட்டைவிரல போட்டேன், ஹெச்.எம். அத சம்மதம்னு எடுத்துக்கிட்டாங்க. மறுநாள் காலைலயே ஃபோன், "ரொம்ப சந்தோஷம் சார்". இல்ல மேடம்னு சொல்ல வாய் வரல.

எனக்கு கடலூர் சிப்காட்ல ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் வேலை, கயிறுன்னா துணி காயப்போடற கொடிதான் தெரியும். தானே புயல் அடிச்ச அன்னைக்கு, 2011 டிசம்பர் 30, வாசல்ல சாஞ்ச முருங்கைய இழுக்க எல்லாரும் நின்னோம், நான் கட்டின முடிச்சு மட்டும் ரெண்டு தடவ உருவிக்கிட்டு வந்துச்சு, பக்கத்து வீட்டு பாட்டி சிரிச்சது இன்னும் காதுல இருக்கு. ஃபோன வச்சதும் ஞாபகம் வந்தது அதுதான்.

பேப்பர் வேலை நான் நெனச்சத விட இழுத்துச்சு. விண்ணப்பம், ஆதார் ஜெராக்ஸ், ஃபோட்டோ, ஹெச்.எம். லெட்டர் எல்லாம் கொண்டுபோய் கொடுத்தேன், மூணு வாரம் கழிச்சு ரெண்டாவது பக்கத்துல கையெழுத்து இல்லன்னு திரும்பி வந்துச்சு, அத வாங்கும்போதே பாத்து சொல்லியிருந்தா என்ன சாமி. அந்த கேப்ல 'சேஃப் ஃப்ரம் ஹார்ம்'னு ஒரு ஆன்லைன் பாடம் முடிச்சேன், உலக ஸ்கவுட் அமைப்போடது, பசங்க பாதுகாப்பு பத்தினது. ஒரு பையனோட தனியா ஒரு ரூம்ல இருக்காத, எப்பவும் இன்னொரு பெரியவங்க கண்ணு படற இடத்துல இருன்னு இருந்துச்சு. மொதல்ல என்னடா நம்மள சந்தேகப்படறாங்களேன்னு சுருக்குன்னுச்சு, அப்புறம் என் பையன வேற ஒருத்தர்கிட்ட அனுப்பறப்ப இத தானே எதிர்பார்ப்பேன்னு தோணுச்சு.

ஞாயித்துக்கிழம காலைல சில்வர் பீச்ல உக்காந்து மொபைல பாத்து ரீஃப் நாட்னு ஒரு முடிச்சு போட்டுக்கிட்டிருந்தேன். வலை பிரிச்சுக்கிட்டிருந்த தேவனாம்பட்டினம் பெரியவர் ஒருத்தர் எட்டிப் பாத்துட்டு, "தம்பி, இத நம்பி படக கட்டிடாத"ன்னாரு. கயித்த வாங்கி ஒரு முனைய லேசா சுண்டினாரு, முடிச்சு பொலபொலன்னு உருவிக்கிச்சு. அப்புறம் ஒரே கையால இன்னொன்னு போட்டுக் காட்டினாரு, மொபைல்ல தேடிப் பாத்தா அதான் போலைன். பேரு என்னண்ணேன்னு கேட்டேன், "முடிச்சுதான், அதுக்கு என்ன பேரு"ன்னுட்டு வலைய பாக்க போயிட்டாரு.

ஸ்கவுட் மாஸ்டர் ஆகறதுக்கு பேசிக் கோர்ஸ் 7 நாள். ஸ்டீல் கிரே சட்டை, நேவி ப்ளூ பேண்ட், மஞ்சக்குப்பத்துல தைச்சு வாங்கினேன், தொப்பைக்கு ஏத்த மாதிரி ரெண்டு தடவ பிரிச்சு தைக்க வேண்டியதாச்சு. அங்க போனதும் நம்மள பசங்களாவே ஆக்கிடறாங்க. எட்டு பேர் ஒரு பேட்ரோல், எங்களுது கழுகு, தினம் ஒருத்தர் லீடர். விடியறதுக்கு முன்ன எழுந்து ஸ்கவுட்ட ஆரம்பிச்ச பேடன் பவல் சொன்ன ஆறு உடற்பயிற்சி, அப்புறம் இன்ஸ்பெக்‌ஷன். போர்வை மடிப்பு கோணலா இருந்துச்சுன்னு அர மார்க் கொறச்சதுக்கு, ரிட்டயர் ஆகப்போற ஒரு வாத்தியார் ட்ரெய்னர்கிட்ட பத்து நிமிஷம் வாதாடினாரு, சத்தியமா.

மூணாவது நாள் நான் லீடர், மூங்கில்ல தட்டு அடுக்கற ஸ்டாண்ட் செய்யணும், ஆணி கூடாது, கயிறு மட்டும். ரெண்டு மூங்கில் குறுக்க வச்சு க்ளோவ் ஹிட்ச்ங்கற முடிச்சுல ஆரம்பிச்சு சுத்தி முடிச்சோம், பாக்க ஜம்முனு இருந்துச்சு. மதியம் எட்டு எவர்சில்வர் தட்டும் சாம்பாரோட மண்ணுல. நடுவுல மூங்கிலுக்கும் மூங்கிலுக்கும் இடையில கயித்த குறுக்க சுத்தி இறுக்கணும், அந்த இறுக்கு இல்லன்னா எத்தன சுத்து சுத்தினாலும் ஆடும், அத நான் விட்டுட்டேன். சாயங்காலம் முதலுதவி கிளாஸ்ல ரீஃப் நாட்டுக்கும் வேலை வந்துச்சு. பாரம் தாங்கறதுக்கு இல்ல, முக்கோணக் கட்டு போடறதுக்கு, தட்டையா படியும், உறுத்தாது, சுலபமா அவிழும். பெரியவர் சொன்னத ட்ரெய்னர்கிட்ட சொன்னேன், "அவர கூட்டிட்டு வந்திருக்கலாமே சார்"ன்னாரு.

வரலாறு கிளாஸ்ல பாதி தூக்கம்தான், ஒண்ணு மட்டும் முழிக்க வச்சுச்சு. ஆரம்பத்துல இங்க ஸ்கவுட்ல இந்தியப் பசங்கள சேக்கலயாம், அதனால 1916ல அன்னி பெசன்ட் மெட்ராஸ்ல நம்ம பசங்களுக்குன்னு தனியா ஒரு சங்கமே ஆரம்பிச்சிருக்காங்க. இப்ப இருக்கற பாரத் ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸ் 1950 நவம்பர் 7ல உருவானது.

உறுதிமொழி எடுக்கறப்ப மூணு விரல் சல்யூட் சரியா வந்துச்சு, கை குலுக்கறப்ப பழக்க தோஷத்துல வலது கைய நீட்டிட்டேன். அங்க இடது கை. எதிர்ல நின்னவரு சிரிக்காம என் இடது கைய தேடிப் பிடிச்சாரு.

ஸ்கூல்ல மொத நாள் நாப்பது நிமிஷம் நானே பேசினேன், பசங்க கண்ணெல்லாம் கிரவுண்ட்ல இருந்த ஃபுட்பால் மேல. அடுத்த வாரம் கயித்த எட்டாங்கிளாஸ் பேட்ரோல் லீடர்கிட்ட கொடுத்துட்டு தள்ளி நின்னேன். அவன் தப்பா சொல்லிக் கொடுத்தான், வாயத் திறக்காம இருக்கறது எனக்கு அந்த 7 நாள விட கஷ்டமா இருந்துச்சு. கடைசில ஆறாங்கிளாஸ் வாண்டு ஒண்ணு "அண்ணா, இது உருவுது பாரு"ன்னு சுண்டிக் காட்டுச்சு.

அடுத்தது அட்வான்ஸ்டு கோர்ஸ், அப்புறம் அசைன்மெண்ட், அதெல்லாம் தாண்டினா ஹிமாலயா வுட் பேட்ஜ், கழுத்துல ரெண்டு மரமணி. லீவு லெட்டர மேனேஜர் மேசைல வச்சேன். "மறுபடியும் 7 நாளா, இன்கிரிமென்ட் ஏதாச்சும் தருவாங்களா"ன்னு கேட்டாரு. மரமணி தருவாங்க சார்னேன். இன்னும் கையெழுத்து போடல.