வேட்கைக்கு முன்னால் ஓர் இடம்

பிள்ளையார்பட்டியில் கற்பக விநாயகரைச் சுற்றி வர முடியாது. மலையைக் குடைந்து அந்தப் பாறையிலேயே புடைப்பாகச் செதுக்கிய மூர்த்தி அவர். சுமார் ஆறடி உயரம், இரண்டே கைகள், வலம்சுழித்த துதிக்கை, வடக்குப் பார்த்த முகம். முதுகு மலையோடு ஒன்றாக இருக்கிறது. அவரை வலம் வர வேண்டுமென்றால் மலையையே சுற்ற வேண்டும். நாங்கள் போன காலையில் நல்ல கூட்டம், சன்னதியில் அதிக நேரம் நிற்க விடவில்லை. ஆனாலும் தீபாராதனை வெளிச்சத்தில் அந்த வயிற்றின் வளைவு தெரிந்ததும் கை தானாகக் கூப்பிக்கொண்டது.

படம் வரைவது என் தொழில். அதனால் சாமி கும்பிடும்போதே மனதில் இன்னொன்றும் ஓடியது. குடைவரைச் சிற்பி கல்லை எடுக்கத்தான் முடியும், எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. சீக்கிரம் முடித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை ஒரு கணம் கைக்குள் புகுந்தாலும் உளி ஆழமாக இறங்கிவிடும். அந்த ஆசை எழுந்ததைப் பார்த்து, அது அடங்கும் வரை உளியை ஓங்காமல் இருந்த ஒருவர்தான் இந்த வயிற்றைச் செதுக்கியிருக்க முடியும்.

சில வருடங்களாக விபாசனா தியானம் செய்கிறேன். கற்றுக்கொண்டது சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் இருக்கும் தம்மசேது மையத்தில். அந்தப் பயிற்சி நமக்கு வந்தது பர்மா வழியாக. 1948-ல் பர்மா சுதந்திரம் அடைந்தபோது அக்கவுண்டன்ட் ஜெனரலாக இருந்த ஊ பா கின், தன் அலுவலக ஊழியர்களுக்கே தியானம் சொல்லிக்கொடுத்தவர். அவரிடம் கற்ற எஸ்.என். கோயங்கா மாண்டலேயில் பிறந்த வியாபாரி. அவர் 1969-ல் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். ஊ பா கின் தியானம் சொல்லிக்கொடுத்த அதே ரங்கூனில்தான் மொகல் தெருவில் செட்டிநாட்டு நகரத்தார் கிட்டங்கி என்ற தொழில் இடங்களை வைத்து, நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்து, இரவெல்லாம் பேரேடு எழுதினார்கள். தண்டாயுதபாணிக்குக் கோயிலும் கட்டினார்கள். நான் உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கிற முறைக்கும் செட்டிநாட்டு வீட்டுத் தூணுக்கும் ஒரே துறைமுகம். இது தெரிந்ததிலிருந்து இந்தப் பக்கம் வர வேண்டும் என்று இருந்தது.

கானாடுகாத்தானில் நண்பருடைய பூர்வீக வீட்டில் தங்கினோம். இப்போது அங்கே இருப்பது அவருடைய பெரியம்மா மட்டும்தான், ஊரே ஆச்சி என்று கூப்பிடுகிறது. முகப்பில் இருந்த தூணைக் கட்டிப் பிடித்தேன், இரண்டு கையும் எட்டவில்லை.

"பர்மா தேக்கு தம்பி. எங்க மாமனார் கப்பல்ல அனுப்புனது. அவுக ரங்கூன்ல இருந்தப்போ அந்தப் பெரிய தங்கக் கோபுரத்துக்குப் போவாகளாம். நம்ம கோயில் மாதிரியே செருப்பைக் கழட்டிட்டுத்தான் ஏறணுமாம்."

ஆச்சி சொன்னது ஷ்வேதகோன் பகோடாவை. புத்தர் ஞானம் பெற்றதும் அவருக்கு மாவுருண்டையும் தேனும் கொடுத்தவர்கள் தபுசர், பல்லிகர் என்ற இரண்டு வணிகர்கள் என்றும், அவர்களுக்கு அவர் கொடுத்த தலைமுடிதான் அந்தக் கோபுரத்துக்குள் இருக்கிறது என்பது பர்மியர் நம்பிக்கை என்றும் சொன்னேன். "அவுகளும் யாவாரிதானா!" என்று ஆச்சிக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

அப்புறம் ஆத்தங்குடிக்குப் போனோம். இந்தப் பயணத்தில் நான் அதிக நேரம் நின்றது, தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் செய்யும் ஒரு தகரக் கொட்டகையில்.

அங்கே சூளை கிடையாது. ஒரு கண்ணாடித் துண்டு, அதைச் சுற்றி இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவத்தில் ஓர் அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் வண்ணக் குழம்பை ஊற்றுகிறார்கள், சிவப்பு ஓரிடம், மஞ்சள் ஓரிடம், பச்சை ஓரிடம். ஊற்றி முடித்ததும் அச்சை நேராக மேலே தூக்க வேண்டும். வண்ணங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும், ஆனால் கலக்காது. அதன்மேல் உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, மேலே ஈரக் கலவை போட்டு மூடிவிடுகிறார்கள். பூ கண்ணாடிப் பக்கம் கவிழ்ந்து கிடக்கும். காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறி, கண்ணாடியை விட்டு வந்த பிறகுதான் அதன் முகம் தெரியும். அந்தப் பளபளப்பு முழுக்கக் கண்ணாடி கொடுத்தது.

அச்சைத் தூக்கிக்கொண்டிருந்த அண்ணனிடம், கை நடுங்காதா என்று கேட்டேன்.

"மூச்சைப் பிடிச்சாத்தான் சார் நடுங்கும். சாதாரணமா விட்டுக்கிட்டே தூக்கணும்."

அவர் செய்த கல்லின் முகத்தை அவரே பார்க்கப்போவது பிறகுதான். அன்றைக்கு நன்றாக வந்ததா என்ற கேள்விக்கே இடமில்லை. அடுத்த கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டார். எனக்கு அப்படி இல்லை. ஒரு கோடு அழகாக விழுந்துவிட்டால் உடனே மனம் ஓடும், இதை யார் பார்ப்பார்கள், என்ன சொல்வார்கள் என்று. அதற்குப் பிறகு விழுகிற கோடெல்லாம் அவர்களுக்காக விழுகிறது, பார்த்தாலே தெரிந்துவிடும்.

மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் காஞ்சியில் பன்னிரண்டு நிதானங்களை, அதாவது துன்பம் பிறக்கிற காரணச் சங்கிலியைச் சொல்லித் தருகிறார். பேதைமையில் தொடங்கி ஒன்று இன்னொன்றைப் பிறப்பிக்கிறது. நடுவில் வருகிற நான்கு: ஊறு (புலனில் படுவது), நுகர்வு, வேட்கை, பற்று. படம் வரைகிற மேசையில் இந்த நான்கும் தினமும் நடக்கின்றன. நிறம் கண்ணில் படுகிறது. இனிமையாக இருக்கிறது. இன்னும் வேண்டும் என்கிறது. கடைசியில், இது என்னுடைய பாணி, இதை விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்கிறது. தியானத்தில் கற்றது, நுகர்விலேயே நிற்பது. நெஞ்சில் ஒரு சூடு, விரலில் ஓர் இறுக்கம் என்று அது உடம்பில் தெரியும். தெரிந்ததும் தூரிகையைக் கீழே வைக்க வேண்டியதில்லை, தெரிந்தபடியே வரையலாம். அந்தச் சூடு எழும், இருக்கும், போய்விடும். வேட்கை பிறப்பதற்கு முன்னால் இருக்கிற அந்தச் சின்ன இடத்தில்தான் என் நல்ல படங்கள் எல்லாம் வந்திருக்கின்றன என்று உறுதியாக நம்புகிறேன்.

சாயங்காலம் குன்றக்குடி. சண்முகநாதர் சன்னதிக்குப் படியேறும்போது புத்தரின் சீடர் சோணரை நினைத்துக்கொண்டேன். சம்பா நகரத்துப் பெரிய செல்வந்தரின் மகன், துறவியான பிறகு பாதம் கிழிந்து ரத்தம் வரும்வரை நடந்து நடந்து தியானம் செய்தவர். பலன் கிடைக்கவில்லை, வீட்டுக்கே போய்விடலாமா என்று நினைத்தபோது புத்தர் வந்து, நீ வீணை வாசிப்பவன்தானே, நரம்பு அளவுக்கு மீறி இறுகியிருந்தால் நாதம் வருமா, தளர்ந்து கிடந்தால் வருமா என்று கேட்டார். கலைஞனுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. வெறி பிடித்து உழைத்தால்தான் கலை வரும் என்று இளைஞர்களிடம் சொல்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. எத்தனை கைகள் அதில் ஒடிந்து போகின்றன!

புத்தரைப் பேசிக்கொண்டு பிள்ளையாருக்கு மோதகம் படைப்பது எப்படி என்று நண்பர் திரும்பும் வழியில் கேட்டார். எனக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. மணிமேகலையே வஞ்சியில் எல்லாச் சமயக் கணக்கர்களிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்ட பிறகுதான் காஞ்சிக்கு வருகிறாள். என்னைப் பொறுத்தவரை கற்பக விநாயகர் முன்னால் கும்பிடுவதும், கண் மூடி மூச்சைப் பார்ப்பதும், நான்தான் எல்லாம் செய்கிறேன் என்ற நினைப்பைக் கொஞ்சம் இறக்கி வைக்கிற வேலைதான்.

நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் இந்த முறை பிள்ளையார்பட்டி மட்டும்தான் ஆனது. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி எல்லாம் பாக்கி. தை பிறந்ததும் வரச்சொல்லி, தானும் கூட வருவதாக ஆச்சி சொல்லியிருக்கிறார்.