பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள்

அவுஸ்திரேலியாவின் புதிய முதியோர் பராமரிப்புச் சட்ட வரைவை அரசு 2023 டிசம்பரில் வெளியிட்டு, மக்களிடம் கருத்துக் கேட்டது. முதியோர் பராமரிப்பை விசாரித்த றோயல் கமிஷன் என்ற அரச விசாரணைக்குழு 2021இல் 148 பரிந்துரைகளோடு கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சி அது. மேற்கு சிட்னியில் இருக்கும் எங்கள் தமிழ் முதியோரின் குரலும் அதில் சேரவேண்டும் என்று சிலர் வேலையைத் தொடங்கினோம்.

நூற்றுக்கணக்கான பக்கங்களை வாசித்துக் காட்டினால் யார் இருந்து கேட்பார்கள்? வரைவில் இருந்த உரிமைப் பட்டியலை மட்டும் எடுத்துக் கேள்விகளாக்கினோம்.

மகனோ மகளோ பக்கத்தில் இருந்தால் “ஒரு குறையும் இல்லை, பிள்ளை” என்ற பதில்தான் வரும். பிள்ளைக்குக் கவலை கொடுக்கக்கூடாது, வீட்டுக்கு வரும் பராமரிப்பாளரின் வேலை போய்விடக்கூடாது என்ற பயம். தனியே இருத்தி, “உங்களைக் குளிக்க வார்ப்பது யார்? போன கிழமையும் அவர்தானா?” என்று கேட்டால்தான் கதை வெளியே வரும். ஒவ்வொரு முறையும் புது முகம் வருகிறது. புதியவர் முன்னால் உடுப்பைக் கழற்றக் கூச்சப்பட்டு, “குளித்தாயிற்று” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவாராம் ஒரு ஆச்சி. மறதி நோயில் ஆங்கிலம் முற்றாகப் போய்த் தமிழ் மட்டும் மிஞ்சிய கணவர், இரவில் என்ன கேட்கிறார் என்று முதியோர் இல்லத்தில் யாருக்கும் விளங்குவதில்லை என்று இன்னொரு அம்மா அழுதார். அதைக் கேட்டபின் எங்களில் யாருக்கும் அடுத்த கேள்விக்குப் போக மனம் வரவில்லை.

பராமரிப்பாளர்களையும் முகாமையாளர் இல்லாத இடத்தில்தான் சந்தித்தோம். 2023 நடுப்பகுதியில் கிடைத்த 15 சதவீதச் சம்பள உயர்வு அவர்களுக்கு ஆறுதல்தான். ஆனால் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு ஓடுவதற்கே ரோஸ்டரில் (வேலை நேர அட்டவணையில்) நேரம் போதாது. “ஆச்சியோடு இருந்து கதைக்க எனக்கும் ஆசை, அக்கா” என்றார் ஒரு தங்கை. இரு பக்கமும் கேட்டது ஒன்றையே: தெரிந்த ஆள், அவசரமில்லாத நேரம். அரசுக்கு நாங்கள் எழுதிய கருத்துக் கடிதத்தின் முதல் பந்தியே அதுதான்.

சட்டம் 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. விரும்பிய மொழியில், தேவையானால் மொழிபெயர்ப்பாளரோடு பேசும் உரிமை அதில் இருக்கிறது. ஆகவே அம்மா அப்பாவின் பராமரிப்புத் திட்டம் பற்றிய கூட்டம் வந்தால் நீங்களே மொழிபெயர்க்க உட்காராதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். அரசின் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை 131 450. அப்புறம், கொஞ்ச நேரமாவது அறைக்கு வெளியே நில்லுங்கள்.